வாய்க்காலில் நடந்த பாகூர்ச் சண்டை

போர் நடந்த இடங்களைக் கூட்டமாகப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுபவர், நகரத்து அலுவலகம் ஒப்புதல் கொடுத்து அனுப்பிய உரையை மட்டுமே வாசிக்க வேண்டும். சொந்தச் சரக்காக எதையும் சேர்க்கக் கூடாது, உரையில் உள்ள எதையும் விடவும் கூடாது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. நல்ல விதிதான். உரை வந்து சேராவிட்டால் வழிகாட்டி என்ன செய்வது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். நானும் பின்னாளில் அரசாங்க வேலையில் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள். விதி எழுதுகிறவர்கள் எப்போதும் அந்த ஒரு வரியைத்தான் மறப்பார்கள் என்பது என் அனுபவம்.

அன்று அந்த விதி ஒழுங்காக நடந்திருந்தால் என் சின்னம்மா சாகிற வரைக்கும் தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள்.

அப்பா பாகூர் மேரியில் செக்ரெத்தேராக இருந்தார். மேரி என்றால் ஊரை நிர்வகிக்கும் அலுவலகம், அதன் தலைவர் மேர், செக்ரெத்தேர் என்பவர் மேர் போடும் கையெழுத்துக்கு மேலே உள்ள எல்லாவற்றையும் எழுதுகிறவர். நான் ஊரிலிருந்த பெண்கள் பள்ளியில் பிரெஞ்சு படித்து, அந்த வருஷம்தான் செர்த்திபிக்கா பரீட்சையில் தேறியிருந்தேன். பாகூரில் அந்தப் பரீட்சை தேறிய பெண்கள் அதிகம் இல்லை என்பதால் என் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்த காலம் அது.

நகரத்தில், ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பட்டாளத்தார் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவ்வப்போது குடும்பத்தோடு மோட்டாரில் கிளம்பி, இடிந்த கோட்டை, பீரங்கி புதைந்த மேடு என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்து, யாராவது ஒருவர் சண்டையை விளக்கக் கேட்டு, மர நிழலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். பாகூருக்கும் வருவதாக மேருக்குக் கடிதம் வந்தது. பழைய கம்பெனிக் காலத்தில் எங்கள் ஏரிக்குப் பக்கத்தில் இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பெரிய சண்டை போட்டார்கள். அதில் எங்கள் ஆட்கள், அதாவது பிரெஞ்சுக்காரர்கள், தோற்றார்கள். தோற்ற சண்டைக்குப் பாடப்புத்தகம் இரண்டு வரிக்கு மேல் இடம் கொடுப்பதில்லை. எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு வரிதான். ஊருக்குத் தெரிந்தது அதைவிடக் குறைவு.

அப்பா அன்றைக்கே ஒப்புதல் உரை கேட்டு எழுதினார். பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினார். பிறகு, நினைவூட்டலை நினைவூட்டி எழுதினார். அந்த அலுவலகத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் வழக்கம் அதற்கு எப்போதுமே இருந்ததில்லை.

உரை இல்லாவிட்டாலும் வழிகாட்டி வேண்டுமே. பட்டாளத்தார் வருகிறார்கள், பட்டாளத்து ஆள்தான் பேச வேண்டும் என்று மேர் சொல்லிவிட்டார். பெரிய சண்டைக்கு, பதினாலில் தொடங்கிய அந்தச் சண்டைக்கு, எங்கள் தெருவிலிருந்து கப்பலேறிப் பிரான்சுக்குப் போன சொல்தாக்கள், அதாவது பட்டாளக்காரர்கள், இரண்டே பேர். ஒருவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். இன்னொருவர் அம்மாவின் தங்கையைக் கட்டியிருந்த சித்தப்பா. திரும்பி வந்தது மாமா மட்டும்.

சித்தப்பா இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை. காணாமற்போனவர் என்று மட்டும் ஒரு காகிதம் வந்திருந்தது. காணாமற்போனவரை நீதிமன்றத்தில் இறந்தவராக அறிவிக்க வழிமுறை உண்டு. அதற்கு, பார்த்த சாட்சி ஒருவர் இருந்தால் எளிது. அப்பா மாமாவைப் பலமுறை கேட்டிருக்கிறார். “நா பாக்கல மாப்ள. கலஞ்சி ஓடுனப்ப ஆளக் காணோம்,” என்பதுதான் மாமாவின் வாக்குமூலம். எத்தனை முறை கேட்டாலும் ஒரு சொல் மாறாது. சொல் மாறாத வாக்குமூலத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று பிற்பாடு எனக்கு வேலையில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது அது அப்பாவுக்கும் தோன்றவில்லை.

அதனால் சின்னம்மா பூவும் பொட்டுமாகவே எங்கள் வீட்டில் இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்த புருஷனுக்காக, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்தாள். தெருமுனையில் தபால்காரர் தலை தெரிந்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். “எங்களுக்கு எதுனா கீதாண்ணா?” என்பாள். அவர் பையைத் திறந்துகூடப் பார்க்காமல், ஆனால் பார்ப்பதுபோல் கையை உள்ளே விட்டுத் துழாவி, “இன்னிக்கு இல்லம்மா,” என்பார். நல்ல மனிதர்.

சித்தப்பாவுக்கு மிளகாயைக் கடித்துக்கொள்ளாமல் சோறு இறங்காது என்பதும், கப்பலேறும்போது சின்னம்மா மஞ்சள் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, காய்ந்த மிளகாய் நிரப்பிச் சிவப்பு நூலால் வாய் கட்டிக் கொடுத்தனுப்பினாள் என்பதும் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால்தான் நான் சரியாக மொழிபெயர்த்தேன்.

மாமா ஏரி மதகைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். பிரெஞ்சுக்காரரின் தேசியத் திருநாளான ஜூலை பதினாலாம் தேதி மட்டும் மேரி வாசலில் மெடலைக் குத்திக்கொண்டு நிற்பார். மற்றபடி சண்டையைப் பற்றி அவர் வாயைத் திறந்து நாங்கள் கேட்டதில்லை. பிள்ளைகள் நாங்கள் சூழ்ந்துகொண்டு நச்சரித்தால், “அங்க ரொட்டி தருவானுங்க. கல்லு மாதிரி இருக்கும்,” என்று முடித்துவிடுவார்.

அவர்தான் வழிகாட்டி என்று அப்பா வந்து சொன்னதும் மாமா திடுக்கிட்டுப் போனார்.

“எனக்கு இன்னா தெரியும் மாப்ள அந்தச் சண்டயப் பத்தி? எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்து சமாச்சாரம்.”

“சண்டன்னா எல்லாம் ஒண்ணுதான் மச்சான். ரெண்டு பக்கமும் நிப்பான், சுடுவான், ஒருத்தன் ஓடுவான். இதுல இன்னா கீது?”

மாமா குனிந்து தன் இழுக்கிற காலைப் பார்த்தார். “ஆமா. இதுல இன்னா கீது,” என்றார். பிறகு, “நா எதுனா பேசிட்டேன்னா அப்பால என்ன ஒண்ணும் சொல்லக் கூடாது,” என்றார்.

“நீ தமிழ்ல பேசு போதும். பிரெஞ்சுல சொல்லப்போறது பாப்பாதான்.”

பாப்பா என்றால் நான். மேரியின் மொழிபெயர்ப்பாளர் காமாலையில் படுத்திருந்தார். அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியும், ஆனால் நிகழ்ச்சியைக் குறிப்பெழுதும் அதிகாரியே அதை மொழிபெயர்க்கக் கூடாது என்று வேறொரு விதி இருந்தது. சத்தியப் பிரமாணம் செய்யாதவர் மொழிபெயர்த்தால் செல்லாது என்று இன்னொரு விதியும் இருந்தது. அப்பா என்னைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, வலது கையைத் தூக்கச் சொல்லி, கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வேன் என்று சத்தியம் வாங்கினார்.

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “இன்னா, பொண்ணுக்குப் பட்டாபிஷேகமா? ரசம் பொங்குது, வந்து எறக்குடி.”

“கைய எறக்காதே,” என்றார் அப்பா.

அடுத்தது, இடம். சண்டை எங்கே நடந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் வயல் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்தது, மோட்டார் வந்து நிற்கப் பாதை இருந்தது, ஓரத்தில் புளியமரமும் இருந்தது. ஆகவே சண்டை எங்கள் வயலில் நடந்தது என்று அப்பா முடிவு செய்தார். வரலாற்று இடங்கள் பல இப்படித்தான் தீர்மானிக்கப்பட்டிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் வில்லியனூர், கரிக்கலாம்பாக்கம் வழியாக நான்கு மோட்டார்கள் வந்தன. வழியில் இங்கிலீஷ்காரன் நிலம் கொஞ்சம் குறுக்கே வரும். அங்கே ஆயக்காரர்கள் வண்டிகளை நிறுத்தி ஒயின் பாட்டில்களைப் பிடித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பேரம் பேசினார்களாம். இங்கிலீஷ்காரனிடம் தோற்ற இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் போகிற வழியிலேயே ஒருமுறை தோற்றுவிட்டு வந்ததால் எல்லோர் முகமும் கடுகடுவென்றிருந்தது.

வெள்ளைத் தொப்பியும் குடையுமாக இருபது பேர் இருக்கலாம். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு கிழக் கொமாந்தான், ஓய்வுபெற்ற படை அதிகாரி. நரைத்த மீசை, கைத்தடி, யாரையும் நேராகப் பார்க்கும் நீலக் கண். பெண்களில் ஒருத்தி மட்டும் அந்த வெயிலிலும் கழுத்து முதல் கால்வரை கறுப்பு உடுத்தியிருந்தாள். வெள்ளைக்காரி கறுப்பு உடுத்தினால் புருஷனை இழந்தவள் என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். பள்ளிக்கூட மதர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் எனக்கு முதலில் தோன்றியது, பாவம், வேர்க்குமே என்பதுதான்.

சின்னம்மாவுக்கு நீர்மோர் கொடுக்கும் வேலை. புளியமரத்தடியில் பானையும் டம்ளருமாக, தலையில் கனகாம்பரத்தோடு நின்றாள்.

மாமா வயலின் நடுவே விறைப்பாக நின்றார். மெடல் மின்னியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “இதான் எடம். இங்கதான் சண்ட. நாம தோத்துட்டோம்,” என்றார்.

நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஒரே மூச்சில் முடிந்துவிட்டது.

அடுத்து ஏதாவது வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. மேர் இருமினார். அப்பா பென்சிலைக் கையில் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார். வந்தவர்களில் ஒரு பருத்த மனிதர், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு, என்னிடம், “உன் வீரரைக் கேள், நம்முடைய ஆட்கள் எங்கே நின்றார்கள்? அதையாவது காட்டட்டும்,” என்றார்.

நான் கேட்டேன். மாமா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வயலின் ஓரமாக, ஏரியிலிருந்து வரும் பாசன வாய்க்கால் தண்ணீர் நின்றுபோய்க் காய்ந்து கிடந்தது. மார்பளவு ஆழம் இருக்கும். மாமா அதையே பார்த்தபடி இருந்தார். பிறகு இழுக்கிற காலோடு நடந்து போய் அதற்குள் இறங்கி, கரையில் மார்பைச் சாய்த்து, எதிரே வெறும் அடித்தாள் நிற்கிற வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகைப் பார்க்கும்போதே அது வேறு ஆளின் முதுகாகத் தெரிந்தது. தினமும் மதகுக்குப் போய்வருகிற என் மாமாவுக்கு அப்படி ஒரு முதுகு கிடையாது.

“இங்கதான் நின்னோம்,” என்றார். “எறங்கச் சொல்லு எல்லாரையும்.”

நான் சொன்னேன். பருத்த மனிதர் சிரித்தார். கொமாந்தான் சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி முதலில் இறங்கியவர் அவர்தான். தலைவரே இறங்கிய பிறகு என்ன செய்வது? ஆண்கள் இறங்கினார்கள், பெண்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு இறங்கினார்கள், பளபளக்கிற சப்பாத்தோடு மேரும் இறங்கினார். ஆட்டு மந்தை மாதிரி எல்லோரும் அந்த வாய்க்காலுக்குள் வரிசையாக நின்றோம்.

எத்தனையோ முறை நான் தாண்டிக் குதித்த வாய்க்கால். உள்ளே நின்று பார்த்ததே இல்லை. மண் சுவர் சில்லென்றிருந்தது. நண்டு வளைகளும் அறுந்த வேர்களும் கண்ணுக்கு நேரே இருந்தன. கரைக்கு மேலே அடித்தாளும் வானமும் தவிர ஒன்றும் இல்லை. தூரத்தில் நின்ற பனைமரங்கள் யாரோ நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பதுபோலத் தெரிந்தன. எங்கள் வயலைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது அதுதான் முதல் தடவை.

“குடய மடக்கச் சொல்லு. குடயப் பாத்து சுடுவான்.”

குடைகள் மடங்கின. யாரும் சிரிக்கவில்லை.

மாமா பேச ஆரம்பித்தார். குரல் உயரவே இல்லை, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, எதிரே இருப்பவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி பேசினார். அவர் சொல்லி நிறுத்துவார், நான் சொல்வேன். சிறிது நேரத்தில் அவர் நிறுத்துவதும் நான் தொடங்குவதும் ஒரே மூச்சாகிவிட்டது. கால் மரத்துப்போகும் குளிர் என்றார். மண்ணெல்லாம் சேறு, சேறெல்லாம் உறைந்து கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார். வானத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் மாதிரி கொட்டிக்கொண்டே இருக்கும், துப்பாக்கியைப் பிடித்தால் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் என்றார். பாகூரில் இப்படியெல்லாம் குளிர்ந்ததா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கம்பெனிக் காலத்தில் குளிர்ந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஏனென்றால் எனக்கே அப்போது குளிர்ந்தது. வேர்வையில் நனைந்து நின்ற என் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

“வெடிய வெடிய நிப்போம். பேசக் கூடாது. சுருட்டு புடிக்கக் கூடாது. வெளிச்சம் வந்ததும் விசிலு ஊதுவான். ஊதுனா ஏறணும். ஏறுனா திரும்பிப் பாக்கக் கூடாது.”

வாய்க்காலில் எல்லோரும் கரையின் விளிம்பையே பார்த்தார்கள். பருத்த மனிதரின் கை அவரை அறியாமல் மண்ணைப் பற்றியிருந்தது.

“என் பக்கத்துல ஒருத்தன் நின்னான். நம்ம ஊர்க்காரன். நாந்தான் இட்டாந்தேன் அவன. வாடா, ஒலகத்தப் பாக்கலாம்னு இட்டாந்தேன். அவன் இடுப்புல ஒரு மஞ்சத் துணிப் பை. செவப்பு நூலு கட்டனது. அதுல கடசியா ரெண்டே மொளகா. ஒண்ண எனக்கு நீட்டுனான். நீயே வெச்சிக்கடான்னேன். சரி, வந்து தின்னலாம்னான்.”

மஞ்சள் பையையும் சிவப்பு நூலையும் பிரெஞ்சில் சொன்னேன். மிளகாய்க்கும் எனக்குச் சொல் தெரிந்திருந்ததில் உள்ளூர ஒரு பெருமை.

அப்போது மேலே நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சின்னம்மா மோர்ப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைமேல் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கீழே இருந்து பார்க்கும்போது வானம் முழுக்க அவள் ஒருத்திதான் நின்றாள்.

மாமா அவளைப் பார்க்கவில்லை. வயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விசிலு ஊதுனான். அவன்தான் மொத ஏறுனான். என்னவிட ஒசரம், காலு எட்டும். மேல ஏறி நின்னு எனக்குக் கை குடுக்கத் திரும்புனான். திரும்பக் கூடாது, ஆனா திரும்புனான். அவ்ளோதான். அப்பிடியே என் மேலயே வுழுந்தான். கண்ணு தொறந்துதான் இருந்துச்சி. நாந்தான் மூடுனேன்.”

இதை நான் சொல்லி முடித்தபோது ஏரியில் நீர்க்காகம் சிறகடிக்கும் சத்தம் வாய்க்கால்வரை கேட்டது.

மேலிருந்து சின்னம்மா கேட்டாள். “அந்த மொளகாய தின்னாரா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எவ்வளவு பெரிய விஷயம் நடந்துகொண்டிருக்கிறது, இதில் மிளகாயைத் தின்றால் என்ன, தின்னாவிட்டால் என்ன? அதை நான் மொழிபெயர்க்கவில்லை. கொமாந்தான் என் பக்கம் திரும்பி, அந்தப் பெண் என்ன கேட்கிறாள் என்றார். சத்தியம் செய்தாகிவிட்டது. சொன்னேன். பருத்த மனிதருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் ஓரிருவரும் சிரித்தார்கள். கறுப்பு உடுத்தியவள் சிரிக்கவில்லை. அவள் சின்னம்மாவையே பார்த்தாள், அவள் நெற்றியையும் தலையில் இருந்த பூவையும் பார்த்தாள்.

மாமா மெல்லத் தலையைத் தூக்கினார். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தின்னான்மா,” என்றார். “ஏறறதுக்கு மின்னாடி ஒண்ணு வாயில போட்டுக்கினான். காரத்துல கண்ணுல தண்ணி வந்துச்சி. சிரிச்சான்.”

“வெறும் வயித்துலயா?”

“இல்ல. சூப்பு குடுத்தாங்க அன்னிக்கு. சூடா.”

“செரி,” என்றாள் சின்னம்மா. பானையை இடுப்பில் சரிசெய்துகொண்டு, “வெயிலு ஏறுது. மோரு குடிக்கச் சொல்லுடி அவங்கள,” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் புளியமரத்தை நோக்கி நடந்தாள். நான் சூப்பையும் மோரையும் சேர்த்தே மொழிபெயர்த்தேன்.

கொமாந்தான் மாமாவுக்குப் பக்கத்தில் வந்தார். எந்தப் படைப்பிரிவு என்று மெதுவாகக் கேட்டார். நான் தமிழில் சொல்ல வாயெடுக்குமுன் மாமா குதிகாலைச் சேர்த்து வைத்து, நேராக அவர் கண்ணைப் பார்த்து, பிரெஞ்சிலேயே ஓர் எண்ணைச் சொன்னார். மாமாவுக்கு அவ்வளவு பிரெஞ்சு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அந்த எண் கம்பெனிக் காலத்துப் படைக்கு இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியாது. கொமாந்தானுக்குத் தெரிந்திருக்கும். அவர் தொப்பியைச் சரிசெய்து, வாய்க்காலின் காய்ந்த மண்ணில் நின்றபடி, மதகுக்காரனான என் மாமாவுக்கு சல்யூட் வைத்தார். மாமா திருப்பி வைத்தார். இரண்டு கைகளும் இறங்கவே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

எல்லோரும் கரையேறிப் புளியமரத்தடியில் மோர் குடித்தார்கள். சின்னம்மா ஒவ்வொருவருக்கும் டம்ளரைத் துடைத்து ஊற்றிக் கொடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கறுப்பு உடுத்தியவள் டம்ளரோடு சேர்த்து அவள் கையையும் பிடித்துக்கொண்டாள். சின்னம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. நான் பக்கத்திலேயே நின்றேன், மொழிபெயர்க்க ஒன்றும் வரவில்லை.

அன்று மாலை அப்பா குறிப்பெழுத உட்கார்ந்தார். “சண்டையில மொளகா எங்கடி வந்துச்சி?” என்று என்னைக் கேட்டார். மாமா சொன்னார், நான் சொன்னேன் என்றேன். “வழிகாட்டி பொருத்தமான விளக்கம் அளித்தார்,” என்று எழுதிக் கோப்பை மூடினார். நான் மறுவாரமே, கம்பெனிக் காலத்தில் பாகூரில் பனி கொட்டியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, மதரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பனி எங்கெங்கே பெய்யும் என்று தாள் நிறைய எழுதினேன். மாமாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

“பாகூர்ல எப்ப மாமா பனி பெஞ்சுது?”

“ஒருதரம் பெஞ்சுது,” என்றார்.

எனக்கு அந்த நாள் முழுக்க வியப்புத்தான். கண்ணால் பார்த்த மாதிரி ஒரு மனிதர் அவ்வளவு பழைய சண்டையைச் சொன்னாரே என்று வியந்தேன். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார் என்பது எட்டவில்லை. வீட்டிலும் எதுவும் மாறவில்லை. மறுநாள் காலை சின்னம்மா வழக்கம்போலக் குளித்து, காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்து, பூ வைத்துக்கொண்டாள். தபால்காரர் தலை தெரிந்தபோது மட்டும் எழுந்து ஓடவில்லை. அவர் எங்கள் வாசலில் தானாக நின்று, பையில் கையை விட்டுத் துழாவி, “இன்னிக்கு இல்லம்மா,” என்றார். “செரிண்ணா,” என்று முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

அதன்பிறகு ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் சின்னம்மா ஒரு வாழையிலைத் துண்டில் சோறும் அதன்மேல் ஒரு காய்ந்த மிளகாயும் வைத்து எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போவாள். மாமா அங்கே மதகு வேலையாக வந்ததுபோல நின்றிருப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். “காக்கா மொளகா தின்னாது சின்னம்மா,” என்றேன். “எதுனா ஒரு காக்கா தின்னும்,” என்றாள். மாமா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா ஏன் அத்தனை வருஷம் பார்க்கவில்லை என்றே சொன்னார் என்பதை நான் வேலைக்குப் போன பிறகு, வேறு யாருடைய காகிதத்தையோ புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் புரிந்துகொண்டேன். பார்த்தேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நீதிமன்றம் அறிவித்திருக்கும், அன்றைக்கே ஊர்ப் பெண்கள் கூடித் தன் தங்கையை உட்காரவைத்து வளையலை உடைத்துப் பொட்டை அழித்திருப்பார்கள். தானே கூட்டிக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு வந்தவனுக்குத் தங்கையிடம் விட்டுவைக்க அந்தப் பொட்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதற்கு விலையாக அவளைக் காத்திருக்கவும் வைத்துவிட்டார். உரை வராத ஒரு நாளில், வேறொரு சண்டையைச் சாக்காக வைத்து, அந்தக் காத்திருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பொட்டை அவளிடமே விட்டுவிட்டார். அவளும் அதைப் புரிந்துகொண்டு, எதுவும் காதில் விழாதவளாகவே கடைசிவரை இருந்தாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பெரிய சண்டையும் தொடங்கி நடந்துகொண்டிருந்தபோது சின்னம்மா காய்ச்சலில் போய்விட்டாள். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். சுமங்கலி என்றால் சிவப்பு, இல்லை என்றால் வெள்ளை. கொண்டுவர வேண்டியவர் மாமா. கடைத்தெருவுக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழுக்கிற காலோடு, வெயிலில், மாமா வந்தார். புடவையை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி வந்தார். கோவைப்பழச் சிவப்பு. அவரே தங்கையின் மேல் போர்த்தினார். பெண்கள் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். கொடுத்துவைத்தவள் என்று ஊரே சொன்னது. மாமா ஆமாம் என்று தலையசைத்தார்.

அப்பா கேட்டு எழுதிய ஒப்புதல் உரை அதன்பிறகுதான் வந்து சேர்ந்தது. தட்டச்சு செய்த ஒரே தாள். சண்டை நடந்தது எங்கள் வயலில் அல்ல, ஏரியின் மறுபக்கம் என்றிருந்தது. வழிகாட்டி கடைசியாக வாசிக்க வேண்டிய வரி, இந்தச் சண்டையில் இவ்வூரைச் சேர்ந்த எவரும் இறந்ததாகத் தெரியவில்லை என்பது. தபால்காரர் அதை மேரிக்குக் கொண்டுபோகாமல், அப்பா வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து, உள்ளே வரத் தயங்கி, பந்தல் காலருகே நின்றார். அப்பா ஈரத் துண்டோடு போய் வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் மேரியில் அதன்மேல் முத்திரை குத்தியபோது, பதில் பெறப்பட்ட நாள் என்ற இடத்தில் அவர் முந்தின நாள் தேதியையே எழுதினார். அன்றைக்குத்தான் சின்னம்மாவின் பதினாறாம் நாள் காரியம்.